ருசி பார்ப்பதற்காகத் திருடலாமா?

(தொலைக்காட்சிக் கருத்தரங்கில் ஆற்றப்பட்ட உரையின் எழுத்து வடிவம்)



"வாங்குவதற்கு முன் ஒரு முறை விளையாடிப் பார்த்தால் என்ன தவறு?" இன்றைய கருத்தரங்கின் பொருள் இந்த ஒரே கேள்விதான். கணினி விளையாட்டின் கள்ளப் பிரதியை இணையத்திலிருந்து இறக்கிக்கொள்வது, பிடித்திருந்தால் பணம் கொடுத்து அசலை வாங்குவது, பிடிக்காவிட்டால் அழித்துவிடுவது என்ற பழக்கம் இளைஞர்களிடையே நெடுநாளாக உண்டு. இதைத் திருட்டு என்று சொன்னால் அவர்களில் பலர் ஒப்புக்கொள்ள மாட்டார்கள். 'சோதித்துப் பார்ப்பது' என்பார்கள்.

வீட்டிலுள்ள பெரியவர்கள் பெரும்பாலும் இரண்டு வகையாகத்தான் பதில் சொல்கிறார்கள். சிலர், "திருட்டு என்றால் திருட்டுதான்" என்று ஒரே வார்த்தையில் முடித்துவிடுகிறார்கள். வேறு சிலர், "விளையாட்டுதானே, பிள்ளை வெளியே சுற்றாமல் வீட்டில் இருந்தால் சரி" என்று கண்டும் காணாமல் இருந்துவிடுகிறார்கள். இரண்டுமே பிள்ளைக்கு உதவாத பதில்கள். முதல் பதிலால் வாய் அடைக்கப்படுகிறதே தவிர மனம் மாறுவதில்லை. இரண்டாவது பதில், உழைப்புக்கு விலை தேவையில்லை என்ற பாடத்தை வீட்டிலேயே சொல்லிக் கொடுத்துவிடுகிறது. ஆகவே, பிள்ளைகள் சொல்லும் காரணங்களை ஒவ்வொன்றாக எடுத்து, எது நிற்கிறது, எது விழுகிறது என்று நிதானமாகப் பார்ப்பதே முறை.

டுரியான் கடையில் கிடைக்கும் பாடம்

முதல் காரணம் எல்லாருக்கும் எளிதில் புரியக்கூடியது. சட்டை வாங்கப் போனால் போட்டுப் பார்க்கலாம். வாகனம் வாங்கப் போனால் ஓட்டிப் பார்க்கலாம். டுரியான் பருவத்தில் சாலையோரக் கடைக்குப் போனால், கடைக்காரரே பழத்தைக் கீறிச் சுளையைக் காட்டுவார். கெட்டுப் போயிருந்தால் வேறு பழம் எடுத்துக் கொடுப்பார். இப்படியிருக்க, 200 வெள்ளியைத் தாண்டும் ஒரு விளையாட்டை மட்டும் கண்ணை மூடிக்கொண்டு வாங்க வேண்டுமா என்பது அவர்களின் கேள்வி.

கேள்வி நியாயமானதுதான். ஆனால், டுரியான் கடையில் நடப்பதைக் கொஞ்சம் கூர்ந்து பார்க்க வேண்டும். அங்கே பழத்தைக் கீறிக் காட்டுபவர் கடைக்காரர். எவ்வளவு காட்டுவது என்பதையும் அவரே முடிவு செய்கிறார். யாராவது கடைக்காரர் அசந்த நேரத்தில் ஒரு முழுப் பழத்தை வீட்டுக்குக் கொண்டு போய், எல்லாச் சுளைகளையும் தின்றுவிட்டு, "ருசியாக இருந்தால் நாளை வந்து பணம் தருகிறேன்" என்றால் அதை 'ருசி பார்த்தல்' என்று எவரும் சொல்வதில்லை. கள்ளப் பிரதியில் கிடைப்பது ஒரு சுளை அன்று, முழுப் பழம். பத்து மணி நேரத்தில் கதை முடிந்துவிடும் விளையாட்டைப் பத்து மணி நேரமும் ஆடி முடித்த பிறகு, வாங்குவதற்கு அங்கே என்ன மிச்சம் இருக்கிறது?

விற்பவரே ருசி காட்டும் வழக்கம் கணினி விளையாட்டுத் துறைக்குப் புதியதும் அன்று. 1993ஆம் ஆண்டில் இட் சாப்ட்வேர் என்ற அமெரிக்க நிறுவனம் 'டூம்' என்ற விளையாட்டை வெளியிட்டது. அதன் முதல் பகுதியை யார் வேண்டுமானாலும் இலவசமாக ஆடலாம், நண்பருக்கும் படியெடுத்துக் கொடுக்கலாம். பிடித்திருந்தால் பணம் அனுப்பி மற்றப் பகுதிகளைப் பெற்றுக்கொள்ளலாம். 'ஷேர்வேர்' எனப்பட்ட இந்த முறையால்தான் டூம் உலகெங்கும் பரவியது. பின்னர் கணினி இதழ்களோடு 'டெமோ' குறுந்தட்டுகள் வந்தன. ருசி பார்ப்பதற்கான வாசலை விற்பவரே திறந்து வைத்திருந்த காலம் அது.

நியாயமான மனக்குறை

அந்த வாசல் பிற்காலத்தில் குறுகிவிட்டது என்பதை மறுப்பதற்கில்லை. பெரிய நிறுவனங்கள் பல, டெமோ வெளியிடுவதைக் குறைத்துக்கொண்டன. அதே வேளையில் விளம்பரங்கள் பெருகின. முன்கூட்டியே பணம் கட்டச் சொல்லும் வழக்கமும் வந்தது.

இதனால் ஏமாந்தவர்கள் உண்டு. 2020 டிசம்பரில் போலந்தின் சிடி புரொஜெக்ட் நிறுவனம் 'சைபர்பங்க் 2077' என்ற விளையாட்டை வெளியிட்டது. உலகமே எதிர்பார்த்துக் காத்திருந்த அந்த விளையாட்டு, பழைய பிளேஸ்டேசன் 4 கருவியில் சரியாக ஓடவே இல்லை. வெளிவந்து சுமார் ஒரு வாரத்தில் சோனி நிறுவனம் அதைத் தன் மின்கடையிலிருந்தே அகற்றிவிட்டு, வாங்கியவர்களுக்குப் பணத்தைத் திருப்பிக் கொடுக்க முன்வந்தது. 2021 ஜூன் மாதத்தில்தான் அது மீண்டும் அக்கடைக்குத் திரும்பியது. இப்படிப்பட்ட அனுபவத்துக்குப் பிறகு, "முதலில் பார்க்கிறேன், பிறகு பணம்" என்று ஓர் இளைஞன் சொன்னால் அவன் மீது மட்டும் குற்றம் சுமத்த முடியாது.

விலையும் ஒரு காரணம். மலேசியாவில் குறைந்தபட்ச மாதச் சம்பளம் 2025ஆம் ஆண்டில்தான் 1,700 வெள்ளியாக உயர்ந்தது. 200 வெள்ளியைத் தாண்டும் ஒரு விளையாட்டு, அந்தச் சம்பளக்காரருக்கு மூன்று நாள் கூலியையும் விழுங்கிவிடுகிறது. இந்த வேறுபாட்டினால்தான் ஒரு காலத்தில் கோலாலம்பூரின் கணினிக் கடைத் தொகுதிகளிலும் இரவுச் சந்தைகளிலும் சில வெள்ளிக்கு விற்ற கள்ளக் குறுந்தட்டுகளைச் சுற்றிக் கூட்டம் மொய்த்தது. தமிழ்ப் படத்தின் திருட்டு விசிடியும் கணினி விளையாட்டின் கள்ளப் பிரதியும் ஒரே மேசையில் அடுக்கப்பட்டிருந்த காட்சியை நேயர்கள் பலர் மறந்திருக்க மாட்டார்கள்.

ஆகவே, மனக்குறை உண்மையானது. ஆனால், மனக்குறை உண்மையாக இருப்பதனாலேயே அதற்குக் கண்டுபிடித்த தீர்வும் சரியாகிவிடுமா என்பதுதான் அடுத்த கேள்வி.

பொருள் குறையவில்லையே!

இரண்டாவது காரணம் இன்னும் கூர்மையானது. "சைக்கிளைத் திருடினால் சொந்தக்காரரிடம் சைக்கிள் இருக்காது. படியெடுத்தால் அவருடைய பொருள் அவரிடமே இருக்கிறது. பிறகு எப்படித் திருட்டு ஆகும்?" என்று கேட்கிறார்கள்.

சட்ட நோக்கில் இதில் ஓரளவு உண்மை உண்டு. அமெரிக்க உச்ச நீதிமன்றமே 1985இல் டவ்லிங் என்ற வழக்கில், பதிப்புரிமையை மீறுவதும் பொருளைத் திருடுவதும் ஒன்றன்று என்று வேறுபடுத்திக் காட்டியது. மலேசியாவின் 1987ஆம் ஆண்டு பதிப்புரிமைச் சட்டமும் இதனை உரிமை மீறலாகத்தான் காண்கிறது. எனவே, 'திருட்டு' என்ற சொல் பொருந்துமா என்று வாதாடும் பிள்ளையை முட்டாள் என்று ஒதுக்கிவிடக் கூடாது.

ஆனால், சொல் மாறினால் செயல் நியாயமாகிவிடாது. ஒரு கலை நிகழ்ச்சி நடக்கிறது. அரங்கத்தில் பாதி நாற்காலிகள் காலி. ஒருவர் பின்வாசல் வழியாக நுழைந்து காலி நாற்காலியில் அமர்ந்து பார்த்துவிட்டுப் போகிறார். யாருடைய இடத்தையும் அவர் பறிக்கவில்லை. நாற்காலியும் தேயவில்லை. இருந்தும், வாசலில் நுழைவுச்சீட்டு வாங்கி உள்ளே வந்தவர்களின் பணத்தில்தான் அந்த மேடையும் விளக்கும் கலைஞரின் சம்பளமும் நடக்கின்றன. எல்லாரும் பின்வாசல் வழியாக வந்தால் அடுத்த நிகழ்ச்சி இல்லை. காலி நாற்காலிக்காரர் அனுபவிப்பது, மற்றவர்கள் செலுத்திய பணத்தின் நிழலைத்தான்.

நீதிமன்றம் கேட்ட கேள்வி

'வாங்கும் முன் சோதனை' என்ற இதே வாதம் ஒரு முறை நீதிமன்றத்திலேயே வைக்கப்பட்டது. விளையாட்டுக்குப் பதில் பாடல்கள்; அவ்வளவுதான் வேறுபாடு. அமெரிக்காவில் ஒரு பெண்மணி ஆயிரத்துக்கும் மேற்பட்ட பாடல்களை இணையத்திலிருந்து இறக்கியிருந்தார். பிடித்த பாடல்களை வாங்குவதற்காகவே கேட்டுப் பார்த்ததாகவும், அது நியாயமான பயன்பாடு என்றும் வாதாடினார். ஆனால், 30 பாடல்களை அவர் வாங்கவும் இல்லை, கணினியிலிருந்து அழிக்கவும் இல்லை. 2005இல் சிகாகோவிலுள்ள ஏழாவது வட்டார மேல்முறையீட்டு நீதிமன்றம் அவருடைய வாதத்தை ஏற்க மறுத்தது. அந்த 30 பாடல்களுக்கும் 22,500 அமெரிக்க டாலர் இழப்பீடு உறுதியானது.

தீர்ப்பில் இரண்டு கருத்துகள் கவனிக்கத்தக்கவை. பாடலைக் கேட்டுப் பார்க்க வானொலி, உரிமம் பெற்ற இணையக் கடைகள் போன்ற நேர்வழிகள் இருந்தன என்பது ஒன்று. உரிமையாளர் அனுமதித்த மாதிரிக்கும், தானே எடுத்துக்கொண்ட முழுப் பிரதிக்கும் வேறுபாடு உண்டு என்பது மற்றொன்று. டுரியான் கடைக்காரர் சொல்லாமல் சொல்லும் அதே பாடம்தான்!

அந்தப் பெண்மணியின் கணினியில் தங்கிவிட்ட 30 பாடல்கள் மனித மனத்தைப் பற்றியும் ஒன்று சொல்கின்றன. சோதனை செய்பவரும், தேர்வில் கேள்வி கேட்பவரும், மதிப்பெண் போடுபவரும் ஒரே ஆளாக இருந்தால் முடிவு எப்படி இருக்கும்? "அடுத்த மாதம் சம்பளம் வந்ததும் வாங்குவேன்" என்ற வாக்குறுதியை அவர் தமக்குத் தாமே கொடுத்துக்கொள்கிறார். அது மீறப்பட்டால் கேட்பதற்கு ஆள் இல்லை. வள்ளுவர் கள்ளாமை அதிகாரத்தில் கையைப் பற்றி மட்டும் பேசாமல், உள்ளத்தில் எழும் எண்ணத்தையே முதலில் கண்டிப்பது இதனால்தான் போலும்.

எண்கள் சொல்வது என்ன?

"கள்ளப் பிரதியால் விற்பனை கூடத்தான் செய்கிறது" என்பது மூன்றாவது வாதம். இதற்கும் அவர்கள் கையில் ஆதாரம் உண்டு. ஐரோப்பிய ஆணையத்துக்காக ஈகோரிஸ் என்ற நிறுவனம் நடத்தி 2015இல் முடித்த ஆய்வு 2017இல்தான் பொதுமக்களுக்குத் தெரியவந்தது. புதிய திரைப்படங்களின் விற்பனையைக் கள்ளப் பிரதிகள் பாதிக்கின்றன என்று கூறிய அந்த ஆய்வு, விளையாட்டுகளில் மட்டும் நேர்மாறான போக்கைக் காட்டியது. கள்ளத்தனமாக ஆடியவர்களைப் பணம் கொடுப்பவர்களாக மாற்றுவதில் அத்துறை வெற்றி கண்டிருக்கலாம் என்பது ஆய்வாளர்களின் விளக்கம். ஆனால், பிழை வரம்பு பெரிது என்பதையும் அந்த ஆய்வே குறிப்பிட்டது.

இதற்கு எதிர்ப்பக்கத்தில் 2024இல் வெளிவந்த ஓர் அமெரிக்க ஆய்வு நிற்கிறது. வட கரோலினா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஆய்வாளர் ஒருவர், 'டெனுவோ' என்ற பாதுகாப்புப் பூட்டு பொருத்தப்பட்ட விளையாட்டுகளை ஆராய்ந்தார். வெளிவந்த முதல் வாரத்திலேயே பூட்டு உடைக்கப்பட்டால் வருமானம் சராசரியாகச் சுமார் 20 விழுக்காடு குறைகிறது என்றும், 12 வாரங்களுக்குப் பிறகு உடைக்கப்பட்டால் பாதிப்பு ஏறக்குறைய இல்லை என்றும் அவர் கணித்தார். புதிதாக வந்தவுடனே 'சோதிப்பவர்கள்' எல்லாருமே பின்னர் வாங்கிவிடுவதாக இருந்தால் அந்த 20 விழுக்காடு எங்கே போயிற்று?

சிறிய நிறுவனங்களின் கதை இன்னும் நெஞ்சைத் தொடுகிறது. 2013 ஏப்ரலில் கிரீன்ஹார்ட் கேம்ஸ் என்ற சிறு நிறுவனத்தை நடத்திய குளுக் சகோதரர்கள், 'கேம் டெவ் டைக்கூன்' என்ற விளையாட்டை வெளியிட்டனர். விளையாட்டு நிறுவனம் ஒன்றை நடத்துவதே அந்த விளையாட்டு. விலை 7.99 அமெரிக்க டாலர். கள்ளப் பிரதி எப்படியும் வரும் என்று தெரிந்த அவர்கள், ஒரு சிறு மாற்றத்துடன் தாங்களே அதை இணையத்தில் போட்டுவிட்டார்கள். அந்தப் பிரதியில் ஆடுபவரின் கற்பனை நிறுவனம், கள்ளப் பிரதிகளால் நட்டமடைந்து திவாலாகிவிடும்! முதல் நாள் முடிவில் பணம் கொடுத்து வாங்கியவர்கள் 214 பேர். கள்ளப் பிரதியை ஆடியவர்கள் குறைந்தது 3,104 பேர். அவர்களில் சிலர், "எங்கள் விளையாட்டுகளை எல்லாரும் திருடுகிறார்களே, தடுக்க வழி இல்லையா?" என்று இணையத்தில் புலம்பியதுதான் வேடிக்கை.

அந்த 3,104 பேரும் வாங்கியிருப்பார்கள் என்று கணக்குப் போடுவது தவறு. பலர் இலவசம் என்பதற்காகவே எடுத்திருப்பார்கள். ஆனால், பத்தில் ஒருவர் மட்டும், "பிடித்தால் வாங்குவேன்" என்ற சொல்லைக் காப்பாற்றினாலே 310 பிரதிகள் கூடுதலாக விற்கும். முதல் நாள் விற்பனை இரண்டு மடங்கைத் தாண்டிவிடும். இரண்டு பேர் உழைத்து நடத்தும் நிறுவனத்துக்கு இது வாழ்வா சாவா என்ற கணக்கு.

விலைதான் காரணம் என்பவர்களுக்கு இன்னொரு செய்தி. 2010 மே மாதத்தில் 'ஹம்பிள் இண்டி பண்டில்' என்ற பெயரில் சில விளையாட்டுகள் ஒன்றாக விற்கப்பட்டன. விலையை வாங்குபவரே முடிவு செய்யலாம். ஒரு காசு கொடுத்தாலும் போதும், பூட்டு ஏதும் கிடையாது. அப்படியிருந்தும் நான்கில் ஒரு பங்குக்கு மேல் பணம் கட்டாமலே இறக்கப்பட்டதாக விற்றவர்கள் கணித்தார்கள். ஒரு காசுகூடக் கனமாகும்போது, அங்கே விலை மட்டும் காரணம் என்று சொல்ல முடியுமா?

எண்கள் ஒருவேளை மறுபக்கம் சாய்ந்தாலும் ஒரு கேள்வி மிஞ்சுகிறது. அண்டை வீட்டுக்காரரின் மோட்டார் சைக்கிளைக் கேட்காமல் எடுத்துச் சென்று, இரவு பெட்ரோல் நிரப்பிக் கொண்டுவந்து நிறுத்தினால், அவருக்கு லாபம்தான். ஆனால், கொடுப்பதா வேண்டாமா என்று சொல்லும் உரிமை அவரிடமிருந்து பறிக்கப்பட்டுவிட்டது. சில படைப்பாளிகள் அந்த உரிமையைத் தாமே விட்டுக்கொடுக்கிறார்கள். 'மைன்கிராப்ட்' விளையாட்டை உருவாக்கிய மார்கஸ் பெர்சன், வாங்க வசதியில்லாத ஒருவரிடம், இப்போது கள்ளப் பிரதியை ஆடிவிட்டுக் கையில் பணம் வந்ததும் வாங்கும்படி 2012இல் வெளிப்படையாகவே சொன்னார். அது அவருடைய பெருந்தன்மை. ஒருவரின் பெருந்தன்மையைக் காட்டி மற்றவர் பொருளை எடுத்துக்கொள்ள முடியாது.

இன்று வாசல் திறந்திருக்கிறது

"சோதித்துப் பார்க்க வழியே இல்லை" என்ற பழைய காரணம் இன்று பெரிதும் வலுவிழந்துவிட்டது. கணினி விளையாட்டுகளை விற்கும் 'ஸ்டீம்' மின்கடை 2015 ஜூன் முதல், வாங்கிய 14 நாள்களுக்குள், 2 மணி நேரத்துக்கும் குறைவாக ஆடியிருந்தால் காரணம் எதுவானாலும் பணத்தைத் திருப்பித் தருகிறது. 'ஜிஓஜி' என்ற மின்கடை 2020 முதல் 30 நாள் அவகாசம் தருகிறது. 'ஸ்டீம் நெக்ஸ்ட் பெஸ்ட்' என்ற விழாவில் வெளிவரவிருக்கும் நூற்றுக்கணக்கான விளையாட்டுகளின் டெமோக்கள் இலவசமாகக் கிடைக்கின்றன. மாதக் கட்டணம் செலுத்திப் பல விளையாட்டுகளை ஆடும் வசதியும் உண்டு. ஒருவர் ஆடுவதை முழுமையாகக் காணொளியில் பார்த்துவிட்டு முடிவெடுக்கவும் முடியும்.

குறைகள் இன்னும் உள்ளன. நிண்டெண்டோ மின்கடையில் வாங்கியதைப் பொதுவாகத் திருப்பித் தர இயலாது. 60 மணி நேர விளையாட்டை 2 மணி நேரத்தில் எடைபோடுவதும் கடினம். ஆனால், அங்கும் வழி இருக்கிறது. தட்டாகவோ அட்டையாகவோ கடையில் விற்கப்படும் பிரதியை வாங்கி, ஆடி முடித்துப் பாதி விலைக்கு விற்றுவிடலாம். பழைய பிரதிகளை மாற்றிக் கொடுக்கும் கடைகளும் உண்டு.

சட்டத்தையும் மறந்துவிடக் கூடாது. மலேசியாவில் கள்ளப் பிரதி விற்பவருக்குப் பிரதி ஒன்றுக்கு 2,000 முதல் 20,000 வெள்ளி வரை அபராதமோ, 5 ஆண்டு வரை சிறையோ, இரண்டுமோ விதிக்கப்படலாம். சிங்கப்பூரில், இலாப நோக்கம் இல்லாவிட்டாலும் வேண்டுமென்றே பெரிய அளவில் உரிமையை மீறுவது குற்றமாகலாம் என்று 2005இல் சட்டம் திருத்தப்பட்டது. 'சும்மா சோதித்தேன்' என்பதற்கு இரு நாட்டுச் சட்டங்களிலும் தனி விலக்கு இல்லை. இணையத்தில் கோப்புகளைப் பகிரும் 'டோரண்ட்' முறையில், இறக்குபவரே அதே நேரத்தில் மற்றவர்களுக்கு வழங்குபவராகவும் ஆகிவிடுகிறார் என்பதைப் பிள்ளைகளுக்கு எடுத்துச் சொல்ல வேண்டும்.

இலவசப் பழத்தில் புழுவும் இருக்கலாம். 2021 ஜூனில் அவாஸ்ட் என்ற கணினிப் பாதுகாப்பு நிறுவனம், 'கிராக்கோனோஷ்' என்ற தீய நிரலைப் பற்றி எச்சரித்தது. கள்ள விளையாட்டுப் பிரதிகளுக்குள் ஒளிந்திருந்த அது, 2 லட்சத்து 22 ஆயிரத்துக்கும் மேற்பட்ட கணினிகளில் புகுந்து, சொந்தக்காரர்களுக்குத் தெரியாமலே அக்கணினிகளைக் கொண்டு மின்னிலக்க நாணயம் சம்பாதித்தது. அப்பா வங்கிக் கணக்கைப் பார்க்கும் கணினியும், பிள்ளை விளையாடும் கணினியும் பல வீடுகளில் ஒன்றுதான்.

வீட்டில் தொடங்க வேண்டியது

ஆகவே, பெற்றோர் செய்யக்கூடியது மிக எளிது. பிள்ளை ஒரு விளையாட்டைக் கேட்டால், முதலில் டெமோ இருக்கிறதா என்று சேர்ந்து பார்க்கலாம். இல்லையென்றால், பணத்தைத் திருப்பித் தரும் கடையில் வாங்கி, 2 மணி நேரக் கணக்கைப் பிள்ளையிடமே ஒப்படைக்கலாம். விலை அதிகமென்றால் தள்ளுபடி வரும்வரை காத்திருக்கப் பழக்கலாம். புதிதாக வந்தபோது 200 வெள்ளிக்கு விற்ற விளையாட்டு, ஓராண்டு கழித்துப் பாதி விலைக்கும் கீழே கிடைப்பது சாதாரணம். காத்திருப்பதும் ஒரு கல்விதான்.

பிள்ளைகள் இன்னொன்றையும் நினைத்துப் பார்க்க வேண்டும். விளையாட்டு உருவாக்குவது இனி எங்கோ அமெரிக்காவிலும் சப்பானிலும் மட்டும் நடக்கும் தொழில் அன்று. சிங்கப்பூரின் தி ஜென்டில்புரோஸ் குழு 2017இல் வெளியிட்ட 'கேட் குவெஸ்ட்', கோலாலம்பூரின் மெட்ரோனோமிக் நிறுவனம் 2020இல் வெளியிட்ட 'நோ ஸ்ட்ரெய்ட் ரோட்ஸ்' ஆகியவை உலகச் சந்தைக்குச் சென்றவை. இன்று கணினி முன் அமர்ந்து ஆடும் பிள்ளைகளில் சிலர், நாளை அத்தகைய நிறுவனங்களில் வேலை பார்ப்பார்கள். சிலர் சொந்தமாகவே ஒன்றை உருவாக்குவார்கள். அவர்களுடைய முதல் படைப்பு வெளிவரும் நாளில், பணம் கொடுத்து வாங்கும் 214 பேராக இருப்பவர்கள் வேண்டுமா, 'சோதித்துப் பார்க்கும்' 3,104 பேர் வேண்டுமா?

ருசி பார்ப்பது வாங்குபவரின் உரிமையாகவே இருக்கட்டும். அதைக் கேட்டுப் பெறுவோம் என்று பிள்ளைகள் கடைக்காரரிடம் உரக்கச் சொல்லட்டும். டெமோ கொடு, பணத்தைத் திருப்பிக் கொடு, பொய் விளம்பரம் செய்யாதே என்று கேட்கட்டும். பயனீட்டாளரின் குரலுக்கு வலிமை உண்டு. ஆனால், அந்தக் குரலை முன்வாசலில் நின்று எழுப்ப வேண்டும். பின்வாசல் வழியாக வந்தவர் பேசினால், அவருடைய நியாயமான மனக்குறையைக்கூட எவரும் காதில் வாங்க மாட்டார்கள்.